தையல் டீச்சர் பதில்கள்: சாப்பாட்டு மேசைக்கு ஒரு விரிப்பு

போன இதழில் ரவிக்கைக் கழுத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைவிட, போகிற போக்கில் மேசை விரிப்பு என்று ஒரு வரி எழுதியதற்கு வந்த கடிதங்கள்தான் அதிகம். சரி, இந்த முறை முழுக்க மேசைதான்.

புது ஃப்ளாட்டுக்கு வந்து, ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிள் வாங்கியிருக்கிறோம். விரிப்பை நானே தைத்து மூலைகளில் பூ வேலை செய்ய ஆசை. என்ன துணி எடுக்கலாம்? எத்தனை மீட்டர் வேண்டும்? – பெரம்பூர் வாசகி

முதலில் டேப்பை எடுத்து மேசையை அளந்துகொள்ளுங்கள். 'ஆறு பேர் மேசை' என்பது ஓர் அளவே இல்லை, கடைக்குக் கடை மாறும். உங்களுடையது 60க்கு 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 8 அங்குலம் தொங்கினால் பார்க்க நன்றாக இருக்கும், உட்காருபவர் மடியிலும் விழாது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் 6 போதும். எட்டுகிற உயரத்தில் துணி தொங்கினால் ரசச் சட்டியோடு சேர்த்து இழுத்துவிடும். ஓரம் மடிக்க ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம். ஆக நீளத்துக்கு 60, 16, 3 சேர்த்து 79 அங்குலம். அகலத்துக்கு 36, 16, 3 சேர்த்து 55.

54 அங்குலப் பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், இது அடங்காது. 58, 60 பன்னாவில் கேளுங்கள், இரண்டே கால் மீட்டர் வாங்குங்கள். மிச்சம் ஏன் என்றால், பருத்தி சுருங்கும். நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலும் உங்கள் 79க்கு மோசமில்லை. வாங்கி வந்த அன்றே துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் உலர்த்தி, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டுவிட்டு அப்புறம் கத்தரியைத் தொடுங்கள். இதைச் செய்யாமல் பூ வேலை செய்தவர்களுக்கு முதல் துவைப்பில் துணி சுருங்கும், நூல் சுருங்காது. பூ எல்லாம் உப்பிக்கொண்டு நிற்கும்.

துணி என்று பார்த்தால் என் ஓட்டு கேஸ்மெண்டுக்கு. சாதா நெசவு, கொஞ்சம் கனம், ஊசி சுலபமாக ஏறும், எத்தனை முறை துவைத்தாலும் தாங்கும். பாப்ளின் மெல்லியது, பின்பக்க நூல் நிழலாடும். கடையில் 'பியூர் காட்டன்' என்றுதான் சொல்வார்கள். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கெட்டியான மணி போல நுனியில் ஒட்டிக்கொண்டால் பாலியஸ்டர் கலப்பு. நிறைய வேண்டுமானால் பாரிமுனை கோடவுன் தெருவில் முழுத் துணிச் சுருளாகவே கேட்கலாம். இரண்டு மீட்டருக்குப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடே போதும், உங்களுக்கு அதுதான் பக்கமும்கூட. இன்னொரு வழி, கோ-ஆப்டெக்ஸில் கைத்தறிப் போர்வை ஒன்றை எடுத்து அதையே வெட்டிக்கொள்வது. சென்னிமலைப் போர்வையில் பன்னாப் பிரச்சினையே வராது.

நம் ஊர் விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். கரூரில் நெய்கிற மேசைத் துணியும் நாப்கினும் கப்பலேறி எந்தெந்த நாட்டு மேசைகளுக்கோ போகின்றன. நாம் பூப்போட்ட பிளாஸ்டிக் ஷீட்டில் சாப்பிடுகிறோம்.

வெட்டும்போது கோடு போட்டு வெட்டாதீர்கள். எந்த இடத்தில் வெட்ட வேண்டுமோ அங்கே ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்து, ஒரே ஓர் இழையைப் பிடித்து மெதுவாக உருவுங்கள். துணி சுருங்கிக்கொண்டே வரும், இழை வெளியே வந்ததும் மெல்லிய சந்து ஒன்று நேராகத் தெரியும். அந்தச் சந்திலேயே கத்தரியை ஓட்டுங்கள். ஸ்கேல் வைத்து வெட்டிய துணி துவைத்த பிறகு கோணிக்கொள்ளலாம், இழை பிடித்து வெட்டியது அப்படிக் கோணாது.

மூலையை மடித்தால் தடித்துப்போய் மெஷின் ஊசி உடைகிறது. என்ன செய்வது? – பள்ளிக்கரணை வாசகி

ஓரத்தை ஓரத்தின் மேல் மடித்துக்கொண்டே போனால் மூலையில் ஒன்பது அடுக்கு வரை சேர்ந்துவிடும். ஊசி பாவம் என்ன செய்யும்? மூலையைச் சாய்த்து மடிக்க வேண்டும்.

நான்கு பக்கமும் முதலில் அரை அங்குலம், அதன் மேல் ஓர் அங்குலம் என்று இரண்டு மடிப்பும் இஸ்திரியால் அழுத்திவிடுங்கள், தைக்காதீர்கள். இரண்டாவது மடிப்பை மட்டும் பிரியுங்கள். மூலையில் இரண்டு மடிப்புத் தடங்கள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளி தெரிகிறதா? அந்தப் புள்ளி மடிப்பின் மேலேயே விழும்படி மூலையை உள்பக்கமாகச் சாய்வாக மடித்து அழுத்துங்கள். மடித்த முக்கோணத்தில் கால் அங்குலம் விட்டு மீதியை வெட்டி எறியுங்கள். இப்போது பக்கங்களைப் பழையபடி மடித்தால் இரண்டும் மூலையில் சாய்கோட்டில் வந்து முட்டும், படச்சட்டத்தின் மூலை மாதிரி. அந்தச் சாய்கோட்டைக் கையால் ஹெம்மிங் போட்டுவிட்டு ஓரத்தை மெஷினில் ஓட்டுங்கள். கேஸ்மெண்டுக்கு 16-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். பள்ளியில் தையல் தேர்வுக்கு மாதிரி நோட்டு வைக்கும்போது, நான் முதலில் திருப்பிப் பார்ப்பது இந்த மூலையைத்தான். பூவெல்லாம் அப்புறம்.

டேபிள் மேட்டில் சிக்குக் கோலம் போட விரும்புகிறேன். துணியில் எப்படி வரைவது? எந்தத் தையல் பொருந்தும்? – மயிலாப்பூர் வாசகி

மார்கழியில் மாட வீதியில் நடந்தாலே உங்களுக்கு டிசைன் பஞ்சமில்லை. ஆனால் கோலத்தை மேட்டின் நடுவில் போடப் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் நில்லுங்கள். மேட் வழக்கமாக 18க்கு 12 அங்குலம். நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு 11, 12 அங்குலம். நடுவில் எது போட்டாலும் தட்டுக்கு அடியில்தான் இருக்கும். அதோடு தடித்த வேலைப்பாட்டின் மேல் வைக்கும் தம்ளர் ஆடும். தட்டு போக இடமும் வலமும் மும்மூன்று அங்குலம் மிஞ்சுகிறது. வலப்பக்கம் கை புழங்கும், குழம்பு சொட்டும். ஆகவே இடப்பக்கப் பட்டையில் போடுங்கள்.

ஐந்து புள்ளி ஐந்து வரிசை, புள்ளிக்குப் புள்ளி அரை அங்குலம். வளைவுகளோடு சேர்த்து இரண்டரை அங்குலத்தில் அடங்கிவிடும். ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று கோலம் வைத்தால் பட்டை நிறைந்துவிடும். ஒன்றே ஒன்று போட்டுவிட்டு மீதியை வெறுமையாக விடுவதுதான் எனக்குப் பிடிக்கும், உங்கள் இஷ்டம்.

வரைவதற்கு: பட்டர் பேப்பரில் கோலத்தைப் போட்டு, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுங்கள், தாளுக்கு அடியில் ஒரு போர்வை மடிப்பு இருக்கட்டும். தாளைத் துணி மேல் பின் குத்தி, நீலப் பொடியில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் குழைத்து, பஞ்சால் லேசாக ஒற்றித் தடவினால் துணியில் புள்ளிக்கோடு இறங்கும். அந்தக் காலத்து வழிதான், ஆரி வேலைக்காரர்கள் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். ஒரே தாளில் ஆறு மேட்டும் போட்டுவிடலாம் என்பது லாபம். மண்ணெண்ணெய் வாசனை ஆகாதவர்கள் தையல்காரர்களின் மஞ்சள் கார்பன் வாங்கிக்கொள்ளுங்கள். சாதா பென்சில் வேண்டவே வேண்டாம், வெள்ளைத் துணியில் அந்தக் கறுப்பு சுலபத்தில் போகாது. சூட்டில் மறையும் பேனா ஒன்று இப்போது எல்லோரும் வைத்திருக்கிறார்கள். இஸ்திரி வைத்தால் கோடு மறையும், உண்மைதான். கடும் குளிரில் திரும்ப வரும் என்பதும் உண்மை. சென்னையில் அந்தக் கவலை இல்லை, மேட்டை ஃப்ரீசரில் வைக்காதவரை.

தையலுக்கு எல்லோரும் முதலில் சங்கிலித் தையலைத்தான் சொல்வார்கள். வளைவுக்கு அழகாக வரும், மறுக்கவில்லை. ஆனால் சிக்குக் கோலத்தில் கோடு கோட்டை வெட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு வெட்டிலும் சங்கிலி மேல் சங்கிலி ஏறி முடிச்சு மாதிரி தடித்துவிடும். காம்புத் தையல் (ஸ்டெம் ஸ்டிச்) போடுங்கள். ஆறு இழை நூலில் இரண்டு இழையைப் பிரித்து எடுத்து, 8-ஆம் எண் எம்ப்ராய்டரி ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். நேரான இடத்தில் தையல் நெல் அளவு இருக்கலாம், வளைவில் அதில் பாதியாகக் குறையுங்கள். இல்லாவிட்டால் வட்டம் எண்கோணமாகிவிடும். கோடு வெட்டும் இடத்தில் ஒரு தையல் முழுதாக அதைத் தாண்டும்படி முன்கூட்டியே அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். புள்ளிக்கு பிரெஞ்சு நாட் என்கிற முடிச்சுத் தையல் போட ஆசை வரும். வேண்டாம், துவைக்கத் துவைக்க நைந்துபோகும். குட்டியாக ஒரு குறுக்குத் தையல் போதும்.

இன்னொன்று, நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள். பூக்காரம்மா அளப்பதே அளவு. ஊசி கோக்க அலுத்துக்கொண்டு இரண்டு முழம் எடுப்பவர்களுக்குத்தான் சிக்கு விழும், பாதியிலேயே நூல் மயிர் கிளம்பும்.

நாப்கின் மடிக்கும்போது பின்பக்கம் தெரிகிறது, அசிங்கமாக இருக்கிறது. ஆறு நாப்கினுக்கு எவ்வளவு துணி வேண்டும்? – நங்கநல்லூர் வாசகி

நாப்கினுக்கு இரண்டு பக்கமும் முகம்தான். முடிச்சே போடக் கூடாது. நூலின் நுனியைத் தையல்களுக்கு அடியில் செருகித்தான் ஆரம்பிக்கவும் முடிக்கவும் வேண்டும். தையல், இரட்டை ஓட்டுத் தையல். ஓட்டுத் தையலில் போய், அதே வழியில் திரும்பி வந்து விட்ட இடைவெளிகளை நிரப்புவது. இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி இருக்கும். கர்நாடகத்தில் தார்வாட் பக்கத்துக் கசூதிப் பூ வேலையில் இதைக் கவந்தி என்பார்கள். இழை எண்ணித்தான் போடுவார்கள், துணியில் டிசைன் வரைந்துகொள்வது கிடையாது. நீலகிரியில் தோடர்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடுவதும் இழை எண்ணித்தான். ஆரம்பிப்பவர்கள் மேட்டி துணியில் பழகுங்கள், கட்டம் கட்டமாக இருப்பதால் எண்ணுவது சுலபம்.

துணிக் கணக்கும் கேட்டிருந்தீர்கள். 44 பன்னாவில் இரண்டு மீட்டர் எடுத்து ஊறவைத்தால் 42 அங்குலமாவது தேறும். 21 அங்குலச் சதுரமாக ஆறு வரும், ஓரம் மடித்தபின் 19 அங்குலம் நிற்கும். மிஞ்சுகிற துண்டில் தையலைப் பழகிப் பாருங்கள்.

சிவப்பு நூல் சாயம் போய் வெள்ளை விரிப்பு முழுக்க ரோஸ் ஆகிவிட்டது! உப்பில் ஊறவைத்தும் பயன் இல்லை. – அடையாறு வாசகி

உப்பும் வினிகரும் ஏற்கெனவே சாயமேற்றிய நூலை ஒன்றும் செய்யாது, இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ. இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீர்கள், சூட்டில் கறை தங்கிவிடும். பெரிய பக்கெட் நிறையத் தண்ணீரில் கொஞ்சம் திரவ சோப்பு விட்டு விரிப்பு முழுதும் மூழ்கும்படி போடுங்கள். தண்ணீர் நிறம் மாறியதும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். தண்ணீர் தெளியும்வரை பொறுமையாக மாற்றிக்கொண்டே இருங்கள். பிழிந்து சுருட்டி வைக்கக் கூடாது.

அடுத்த முறை சிவப்பு, கறுப்பு, கருநீலம் எதை வாங்கினாலும், ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணி நடுவில் வைத்து இஸ்திரியால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் அந்த நூல் மேசைக்கு ஆகாது. பட்டு நூல் என்று சொல்லி விற்கும் பளபள நூலும் பெரும்பாலும் ரேயான்தான். வளையலுக்குச் சுற்றிக்கொள்ளுங்கள்.

சாம்பார்க் கறை! சோப்புப் போட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாகிவிட்டது. – தாம்பரம் வாசகி

பயப்படாதீர்கள். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே கதைதான். சோப்பில் காரம் இருக்கிறது. நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும், பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். அலசிவிட்டு ஈரத்தோடு மொட்டை மாடி வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது, நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு நாளில் போகாவிட்டால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள். பூ வேலை உள்ள பக்கம் கீழே இருக்கட்டும், வெயில் நூலின் நிறத்தையும் தின்னும். பிளீச் வேண்டாம். போர் தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தால் வெள்ளைத் துணி பழுப்பேறும். வெள்ளை விரிப்புக்கு மட்டுமாவது மெட்ரோ தண்ணீரை ஒதுக்குங்கள்.

அம்மா கையால் போட்ட விரிப்பு. அழுக்காகாமல் இருக்க மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் போட்டிருக்கிறேன். அடியில் கரும்புள்ளி வருகிறதே? – பெசன்ட் நகர் வாசகி

பூஞ்சை. கடற்கரைப் பக்கத்து ஈரக் காற்று, துடைக்கும்போது ஓரத்தில் புகும் தண்ணீர், மேலே காற்றுப் புகாத ஷீட். வேறென்ன வரும்? ஷீட்டை எடுத்துவிடுங்கள். தினம் போட மனம் வராவிட்டால் மடித்து வையுங்கள், ஆனால் கஞ்சி போட்டு வைக்கக் கூடாது, ராமபாணப் பூச்சிக்கு விருந்தாகிவிடும். கஞ்சியில்லாமல் துவைத்து, நன்றாக உலர்த்தி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்பு ஒரு துண்டு. சில மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து மடிப்பை மாற்றி மடியுங்கள். வேலை பாதியில் நிற்கும் துணியில் ஊசியைக் குத்திவைக்கும் பழக்கமும் உங்கள் பகுதியில் ஆகாது. உப்புக் காற்றில் துரு ஏறினால் அந்தப் புள்ளி லேசில் போகாது. இஸ்திரி போடும்போது டர்க்கி டவல் மேல் பூ வேலையைக் குப்புறப் போட்டுத் தேய்த்தால் பூ அமுங்காது.

நாகர்கோவில் பாட்டியிடமிருந்து வந்த லேஸ் விரிப்பு இருக்கிறது. குரோஷாவா, வேறா என்று தெரியவில்லை. – வளசரவாக்கம் வாசகி

பூதக்கண்ணாடியில் பாருங்கள். கண்ணிக்குள் கண்ணி நுழைந்து ஒரே நூலாக ஓடினால் குரோஷா. பல நூல்கள் ஒன்றையொன்று முறுக்கியும் குறுக்கிட்டும், கிட்டத்தட்ட நெசவு போலத் தெரிந்தால் திண்டின் மேல் ஊசி குத்தி, கட்டைகளில் நூல் சுற்றி முடைந்த லேஸ். நாகர்கோவில் என்றதும் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. 1819-இல் அங்கே வந்த சார்லஸ் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட்தான் 1820-களில் அந்த ஊர்ப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் மகள் எலைசா, மெரினாவில் சிலையாக நிற்கிறாரே, அந்தக் கால்டுவெல்லை 1844-இல் மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் லேஸ் சொல்லிக்கொடுத்தார். கணவரின் ஒப்பிலக்கணம் எல்லோருக்கும் தெரியும், மனைவியின் லேஸைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

உங்கள் விரிப்பைக் கொடியில் தொங்கவிடாதீர்கள், தன் பாரத்திலேயே நீண்டு கோணும். வெள்ளை டவல் மேல் படுக்கவைத்து, கையால் வடிவம் சரிசெய்து நிழலில் உலர்த்துங்கள். சாப்பிடும் மேசைக்கு வேண்டாம்.

ஐ.டி. வேலை, வயது 27. எம்ப்ராய்டரி கற்றுக்கொள்ள ஆசை. நண்பர்கள் கேலி செய்கிறார்கள். – வேளச்சேரி வாசகர்

அந்த நண்பர்களின் சட்டையைத் தைத்தவர் யார் என்று கேளுங்கள் தம்பி. சென்னையில் கல்யாண ரவிக்கைகளுக்கு மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து ஆரி வேலை செய்பவர்களில் ஆண்கள் ஏராளம். வட்ட ஃப்ரேம் ஒன்று, அரை மீட்டர் கேஸ்மெண்ட், இரண்டு கலர் நூல் வாங்கிக் காம்புத் தையலில் ஆரம்பியுங்கள். ராத்திரி ஃப்ரேமைக் கழற்றி வைக்கவும், இல்லாவிட்டால் வளையத் தடம் விழும்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் 'எங்களுக்கும் ஆறு நாப்கின் போட்டுக் கொடேன்' என்கிறார்கள். பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. – அம்பத்தூர் வாசகி

ஒரு நாப்கின் முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரம் பார்த்து எழுதிவையுங்கள், மூலை ஹெம்மிங்கும் இஸ்திரியும் சேர்த்து. கேட்பவர்களிடம் அந்தக் கணக்கைச் சொல்லிக் கூலியையும் சொல்லுங்கள். கூச்சம் போகவில்லையா, துணியும் நூலும் இன்ன கடையில் இன்ன நம்பரில் வாங்கி, ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொண்டுவாருங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள். வருகிறவர்கள் கூலியும் கொடுப்பார்கள்.